புரதம் தன் சரியான வடிவத்துக்கு மடிய உதவும் சாப்பரோன் புரதங்களுக்கும் செல்லின் உள்சட்டகத்துக்கும் என்ன தொடர்பு? அவை இல்லாவிட்டால் செல் பிழைக்குமா?

பிழைக்காது. ஈஸ்ட்டில் சிசிடி என்ற சாப்பரோனை உருவாக்கும் 8 மரபணுக்களில் எந்த ஒன்றை நீக்கினாலும் செல் செத்துப்போகும்.

வெப்பத்தில் கெட்ட புரதத்தைச் சரிசெய்வது என்று பாடப்புத்தகம் சாப்பரோனை ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் வெப்பமே இல்லாத சாதாரண நேரத்திலும் சட்டகத்துக்கு அது வேண்டும். சட்டகத்தின் இரண்டு முக்கியப் புரதங்களான ஆக்டினும் டியூபுலினும் தாமாகச் சரியாக மடிவதில்லை. பாக்டீரியாவில் ஆக்டினைத் தயாரிக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கிடைப்பது பெரும்பாலும் பயன்படாத கட்டிதான். இத்தனைக்கும் சிசிடியின் உறவுக்காரச் சாப்பரோன் ஒன்று பாக்டீரியாவிலும் இருக்கிறது. அதால் இந்த வேலையைச் செய்ய முடிவதில்லை.

சிசிடி என்பது இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய உருளை. வளையத்துக்கு 8 துணையலகுகள், எட்டும் எட்டு விதம். பாதி மடிந்த ஆக்டினை ஜெல்லிமீன் வடிவத்தில் இருக்கும் பிரிஃபோல்டின் என்ற இன்னொரு சாப்பரோன் தூக்கி வந்து இதில் சேர்க்கும். உள்ளே ஆக்டினின் இரு முனைகளையும் எதிரெதிரான துணையலகுகள் பிடித்துக்கொள்ளும். அப்புறம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகி, உருளையின் சொந்த மூடி மூடிக்கொள்ளும். ஆக்டின் அந்த அறைக்குள்ளேயே மடியும். இவ்வளவு பொறுமையாகக் கவனிக்கப்படும் புரதங்கள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். டியூபுலினுக்கோ இதுவும் போதாது. வெளியே வந்தபின் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வகை டியூபுலினையும் ஜோடி சேர்க்கத் தனியாக ஒரு துணைக்குழு உண்டு. ஜோடி சேராவிட்டால் அவற்றால் கட்டப்படும் நுண்குழல் இல்லை, நுண்குழல் இல்லாவிட்டால் செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்க ஆளில்லை.

கட்டி முடித்த இழைகளைக் காப்பது இன்னொரு கூட்டம்: எச்எஸ்பி27, ஆல்ஃபா பி-கிரிஸ்டலின் போன்ற சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். ஆல்ஃபா பி-கிரிஸ்டலின் தசையில் டெஸ்மின் இழைகள் திரண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும். அதன் 120ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் வந்தால் டெஸ்மின் கட்டியாகிறது. தசை பலவீனம், இதய நோய், கண்புரை எல்லாம் வருகின்றன. ஒரு குடும்பத்தில் இதைக் கண்டு 1998இல் வெளியிட்டார்கள்.

இதே சிறிய புரதங்கள் செல் தன்னைத்தானே கொல்லும் பாதையையும் தடுக்கின்றன. எச்எஸ்பி27 அந்தப் பாதையைத் தூண்டும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைப் பிடித்துவைக்கும், ஆல்ஃபா பி-கிரிஸ்டலின் செல்லைச் சிதைக்கும் நொதியான காஸ்பேஸ்-3 முழுமையாகச் செயல்படத் தொடங்குவதைத் தடுக்கும். நல்ல செல்லுக்கு இது காவல். ஆனால் பல புற்றுநோய்ச் செல்களிலும் எச்எஸ்பி27 மிகுதியாக இருக்கிறது, சாகவேண்டிய அந்தச் செல்கள் மருந்துக்கும் எளிதில் மசிவதில்லை.