இரவில் நின்றுபோகும் சாட்பாட்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில் ஆடித் திருவிழா நெருங்கினால், பூசை நேரத்தையும் பால்குடப் பதிவையும் கேட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஓயாமல் செய்தி வருகிறது. கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும் டெலிகிராம் சாட்பாட் ஒன்றை என் மகன் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தான். மடிக்கணினியை மூடினால் அது நின்றுவிடுகிறது. இரவில் கேட்டவர்களுக்கு மறுநாள் காலையில் மொத்தமாகப் பதில் போகிறது. ‘ஆடிப்பூரப் பால்குடப் பதிவு’ என்ற பொத்தானைச் சேர்த்ததிலிருந்து பொத்தான் பட்டியலே வருவதில்லை. என்ன செய்யலாம்?
– ஆலயச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: சாட்பாட்களைப் பதிவு செய்துதரும் டெலிகிராம் கணக்கான பாட்ஃபாதரிடம் பெற்ற டோக்கன் என்ற ரகசியக் குறியீடு சாட்பாட்டின் சாவி மட்டுமே, பதில் சொல்லும் நிரல் டெலிகிராமில் இல்லை, உங்கள் மகனின் மடிக்கணினியில்தான் ஓடுகிறது. பக்தர்களின் செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருந்து, நிரல் வந்து கேட்கும்போது ஒப்படைக்கிறது. காலையில் பதில்கள் குவிவது இதனால்தான். அதற்கு மேலும் கணினி மூடியே இருந்தால் கேள்விகள் தொலைந்துபோகும்.

ஆகவே, எந்நேரமும் ஓடும் கணினிக்கு நிரலை மாற்றுங்கள். மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய சர்வர் போதும். ஆலய அலுவலகத்தில் இணைய இணைப்புள்ள பழைய கணினி இருந்தால் அதுவே போதும். செய்தி வந்ததும் டெலிகிராமே அதை நிரலுக்கு அனுப்பும் வெப்ஹூக் முறைக்கு வெளியிலிருந்து அணுகக்கூடிய, எச்டிடிபிஎஸ் பாதுகாப்புள்ள முகவரி தேவை. நிரலே சென்று கேட்கும் போலிங் முறைக்கு அது வேண்டியதில்லை. ஒரு கோயிலுக்கு வரும் கேள்விகளுக்கு வெப்ஹூக் வீண் சுமை என்பதே என் கருத்து. லினக்ஸ் இயங்குதளத்தில், நிரல்களைத் தானே தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியின் சேவையாக நிரலை அமைத்துவிட்டால், மின்தடைக்குப் பின் கணினி இயங்கத் தொடங்கியதும் நிரலும் தானே தொடங்கும். மாற்றியபின் மடிக்கணினியில் ஓடுவதை நிறுத்திவிடுங்கள். ஒரே டோக்கனோடு இரண்டு இடங்களிலிருந்து கேட்டால் 409 என்ற பிழை வரும்.

பொத்தானுக்கு வருவோம். பொத்தானின் மேல் தெரியும் பெயர் வேறு. அதை அழுத்தும்போது நிரலுக்குத் திரும்பி வரும் தரவு வேறு. அந்தத் தரவு 64 பைட்டைத் தாண்டக்கூடாது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ‘ட’ 3 பைட். ‘டி’ என்றால் இகரக் குறிக்கும் சேர்த்து 6 பைட். உங்கள் மகன் பெயரையே தரவாகவும் கொடுத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அந்தப் பெயர் இடைவெளிகளோடு 74 பைட் ஆகிறது. ஒரு பொத்தான் தவறினாலும் டெலிகிராம் அந்தச் செய்தி முழுவதையும் மறுத்துவிடும். பெயர் தமிழிலேயே இருக்கட்டும். தரவில் 1, 2 என எண்களை வைத்தால் போதும்.

டோக்கனை எவருக்கும் அனுப்ப வேண்டாம். வெளியே போய்விட்டால் பாட்ஃபாதரிடமே அதை ரத்து செய்து புதியதைப் பெறலாம். பதிவுக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும், அடையாள அட்டை எண் எதற்கு? மேலும், சாட்பாட் தானாக முன்வந்து ஒருவருக்குச் செய்தி அனுப்ப முடியாது. அவர் ஒருமுறை ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஆகவே அதன் இணைப்பைப் புலனக் குழுவில் இப்போதே பகிருங்கள். டெலிகிராம் வைத்திராத பெரியவர்களுக்காக ஆலயத் தொலைபேசி எண் அறிவிப்புப் பலகையில் அப்படியே இருக்கட்டும்.