சுவர்ப்புறமாக

அன்புள்ள அண்ணாச்சி,

அப்பா போன வருடம் கணையப் புற்றுநோயில் இறந்தார். ஐந்து மாதம் எங்கள் வீட்டில் ஜெபம் நிற்கவே இல்லை. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு வந்து ஜெபித்துக்கொண்டிருந்த பாஸ்டர், "உங்களில் யாருக்கோ விசுவாசக் குறைவு" என்றார். என் பெரியப்பா மகன், எல்லாம் கடவுள் முன்குறித்ததே என்று போதித்த 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினை ஊன்றிப் படிப்பவர். அவர் ரோமர் 9ஆம் அதிகாரத்தைக் காட்டி, "உலகம் உண்டாவதற்கு முன்பே குறித்த நாள், ஜெபத்தால் ஒரு நிமிடம்கூட நகராது" என்றார்.

எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்றால் ஜெபம் எதற்கு? மாறும் என்றால் எங்கள் ஜெபத்துக்கு ஏன் மாறவில்லை? மனிதனுக்குச் சுயசித்தம் உண்டா? கடவுள் காலத்துக்கு வெளியே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிற விளக்கம் சரியா? இரவெல்லாம் இதைப் பற்றிய விவாதங்களை யூடியூபில் பார்க்கிறேன். பதில் தெரியும்வரை ஜெபிப்பதில்லை என்று முடிவெடுத்து, அம்மாவோடு ராத்திரி ஜெபத்துக்கு உட்காருவதையும் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் அப்பாவின் முதலாண்டு நினைவுக் கூட்டம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் ஏசாயா 38ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் பழைய வேதாகமம் அந்தப் பக்கத்தில்தான் தானாகத் திறக்கும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

காலத்துக்கு வெளியே நிற்கும் கடவுள் என்கிற விளக்கம் 6ஆம் நூற்றாண்டில் போயத்தியஸ் என்ற தத்துவஞானி சொன்னது. யோசித்துப் பார்க்க நல்ல விளக்கம்தான். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவனுக்கு அதில் ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள். சுயசித்தத்தைப் பற்றி டச்சுக்காரர்கள் டோர்ட் நகரில் 1618 நவம்பரில் தொடங்கி மறுவருடம் மே மாதம்வரை உட்கார்ந்து பேசி, கிருபையை மறுக்க மனிதனால் முடியும் என்ற ஆர்மீனியஸின் பக்கம் நின்றவர்களைக் கண்டித்துத் தீர்ப்பெழுதினார்கள். நூற்றிருபது வருடம் கழித்து, இங்கிலாந்தில் உயிர் நண்பர்களாக இருந்த பிரசங்கிகள் வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் அதே கேள்வியில் பிரிந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூபில் அது தீர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்களா?

அந்த ஏசாயா 38இல் வருகிற யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு வருகிறேன். அவருக்குச் சாகும் நோய். தீர்க்கதரிசி ஏசாயா வந்து, வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும், நீர் பிழைக்கமாட்டீர் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கடவுளே ஆளனுப்பிச் சொன்ன தீர்ப்பு அது. ராஜா விவாதம் பண்ணவில்லை. முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டு அழுகிறார். ஏசாயா பாதி முற்றம் தாண்டவில்லை, அதற்குள் திரும்பிப் போகச் சொல்லி வார்த்தை வருகிறது: "உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன்." பதினைந்து வருஷம் கூடுகிறது. கூடவே அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டவும் சொல்கிறார்கள்.

1979இல் என் தம்பிக்கு ஒன்பது வயது. மூளைக்காய்ச்சல் வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தப் பதினொரு நாளும் அம்மா இந்த ஒரு அதிகாரத்தையே வாசித்தாள். பன்னிரண்டாம் நாள் அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். சபை மூப்பர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "கர்த்தர் குறிச்ச நாளு. அழுது என்ன ஆகப்போவுது?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சில மாதம் கழித்து ஒரு கன்வென்ஷன் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் எசேக்கியாவை எடுத்தார். எசேக்கியாவின் மகன் மனாசே ராஜாவாகும்போது வயது பன்னிரண்டு. அப்படியென்றால் அந்தக் கூட்டிக்கொடுத்த பதினைந்து வருஷத்துக்குள் பிறந்தவன். யூதாவின் ராஜாக்களில் அவனைப்போலப் பொல்லாதவன் இல்லை. எருசலேமைக் குற்றமில்லாத ரத்தத்தால் நிரப்பியவன். "எசேக்கியா பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய வருஷங்கள் இதைத்தான் பெற்றன. உங்களுக்குக் கிடைக்காததற்கும் ஒரு காரணம் உண்டு, இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!" என்றார். சிலர் அல்லேலூயா சொன்னார்கள். அம்மா எழுந்தாள். பிரசங்கத்தின் பாதியில் அவள் எழுந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

அந்தப் பிரசங்கத்தை இன்றைக்கும் பல மேடைகளில் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் உடம்பு கொதிக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், அவன் மனாசேயாக வளர்ந்திருப்பான் என்று எப்படிச் சொல்ல வரும்? அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பாதியிலேயே வேதாகமத்தை மூடிவிடுகிறார்கள். இரண்டாம் நாளாகமம் 33ஐ வாசியுங்கள். அசீரியருடைய சேனாபதிகள் மனாசேயை வெண்கலச் சங்கிலியால் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவன் கெஞ்சுகிறான். கடவுள் இரங்குகிறார், அவனை மறுபடியும் எருசலேமுக்கே வரப்பண்ணுகிறார். அப்பன் சுவரைப் பார்த்து அழுததைக் கேட்டவர், அந்தப் பொல்லாத மகன் சங்கிலியில் கிடந்து அழுததையும் கேட்டார். அப்புறம் மத்தேயு 1ஆம் அதிகாரத்தைத் திறங்கள். எசேக்கியா மனாசேயைப் பெற்றான், மனாசே ஆமோனைப் பெற்றான் என்று போகிற அந்த வரிசைதான் இயேசுவில் வந்து நிற்கிறது. பிரசங்கியாரின் கணக்கே சரி என்று வைத்துக்கொண்டாலும், பிடிவாத ஜெபத்தின் தண்டனை என்று அவர் காட்டிய பிள்ளை இரட்சகரின் வம்ச வரிசையில் இருக்கிறான். எசேக்கியாவின் கண்ணீரைத் தவறு என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் அம்மாவின் வெள்ளிக்கிழமைகளைக் குறை என்று சொல்ல அந்தப் பாஸ்டருக்கும் இல்லை. தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை. அவருக்கும் விசுவாசக் குறைவா?

எங்கள் வீட்டு நடு அறையில் தெற்குச் சுவரில் ஒரு இடம் உண்டு. அம்மா விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, அந்தச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டுதான் ஜெபிப்பாள். தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் இறங்கி, அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிப்போம், பொங்கலுக்குள் கறை மேலே வந்துவிடும். கன்வென்ஷன் முடிந்து ஒரு வருடம் இருக்கும். ஒருநாள் விடியற்காலத்தில் முழித்துக்கொண்டு படுத்திருந்தேன். சுவரைப் பார்த்து அம்மா மெதுவாகச் சொன்னாள்: "நீர் குறிச்ச நாளுதானே ஆண்டவரே. பிள்ளையப் பத்திரமா வச்சுக்கிடும்."

மூப்பர் சொன்ன அதே சொற்கள்தான், தம்பி. திண்ணையில் அவர் "கர்த்தர் குறிச்ச நாளு" என்றபோது அது எங்கள்மேல் விழுந்த கல். அம்மா "நீர் குறிச்ச நாளு" என்றபோது அது ஜெபம். நாற்பது வருடத்துக்குமேல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். முன்குறித்தல் என்பது, அழுகிறவர்கள் கடவுளின் முகத்தைப் பார்த்து 'நீர்' என்று சொல்வதற்கான சொல். சங்கீதக்காரன் 139ஆம் சங்கீதத்தில் தன் நாட்களெல்லாம் "உமது புஸ்தகத்தில்" எழுதியிருந்தது என்கிறான். 'அவருடைய' என்று சொல்லவில்லை. ஆதிச்சபையின் போதகர் அகுஸ்தீன் தன் 'அறிக்கைகள்' நூலில், "நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு உமக்கு விருப்பமானதைக் கட்டளையிடும்" என்று ஜெபித்தார். ரோமாபுரியில் ஒரு பிஷப் அந்த வரியைச் சொன்னபோது மனிதன் தன் முயற்சியாலேயே கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்த பெலேகியுஸால் பொறுக்க முடியவில்லை. ஆயிரத்து அறுநூறு வருடத்துச் சண்டையின் தொடக்கத்தில் கிடப்பது ஒரு ஜெபத்தின் வரி!

உங்கள் அண்ணன் கால்வினைப் படிப்பவர் என்கிறீர்கள். கால்வினின் 'இன்ஸ்டிட்யூட்ஸ்' நூலின் 1559 பதிப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் புத்தகத்தில் 21ஆம் அதிகாரத்தில்தான் முன்குறித்தல் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்திய 20ஆம் அதிகாரம் ஜெபத்தைப் பற்றியது. விசுவாசத்தின் முதன்மையான பயிற்சி என்று அதற்குத் தலைப்பே வைத்திருக்கிறார். 1542இல் கால்வினின் மகன் பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனான். ஆண்டவர் எங்களுக்குக் கடுமையான, கசப்பான காயத்தை உண்டாக்கியிருக்கிறார், ஆனால் அவரும் ஒரு தகப்பன், தம் பிள்ளைகளுக்கு எது வேண்டுமென்று அவருக்குத் தெரியும் என்று நண்பர் விரேக்கு எழுதினார். அங்கே 'அவர்' என்றுதான் இருக்கிறது, சரி. ஆனால் செத்தது அவருடைய பிள்ளை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சொன்னது இல்லை. ரோமர் 9ஐக் காட்டினாராமே, அது முடிந்ததும் வருகிற 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், தன் ஜனத்துக்காகத் தேவனை நோக்கி விண்ணப்பம் செய்கிறேன் என்று பவுல் எழுதுகிறார். அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைப் புரட்ட நேரம் கிடைக்கவில்லை போல.

இப்போது உங்களிடம் ஒன்று. ராத்திரி ஜெபத்துக்கு உட்காருவதை நிறுத்திவிட்டேன் என்று ஏதோ நேர்மையான காரியம் செய்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். கேள்வி உங்களுக்கு, தண்டனை அம்மாவுக்கா? ஐந்து மாதம் பட்டினி கிடந்து ஜெபித்தவள், புருஷன் போன வீட்டில் இப்போது ஒற்றையாக உட்கார்ந்து ஜெபிக்கிறாள். நீங்கள் பக்கத்து அறையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கால்வினா ஆர்மீனியஸா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நம்பிக்கை வந்த பிறகு உட்காருங்கள் என்று யார் உங்களிடம் சொன்னது? இன்றைக்கு ராத்திரி போய்ப் பாயை விரித்துக் கொடுங்கள். வாயைத் திறக்க வேண்டாம். கடைசியில் ஆமென் வராவிட்டாலும் பரவாயில்லை, அவள் எழும்பும்வரை நீங்களும் எழும்பாமல் இருங்கள்.

நினைவுக் கூட்டத்துக்கு உங்கள் அண்ணனை அவசியம் கூப்பிடுங்கள். அவரும் சித்தப்பாவை இழந்தவர்தானே. ரோமர் 8ஐ அவர் வாசிக்கட்டும், 28ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை. விளக்கம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெபத்தை அந்தப் பாஸ்டரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் அம்மா பண்ணட்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி