வெட்டிய விலையில் மயங்குவது ஏன்?

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் வாஷிங் மெஷின் வாங்கினேன். எம்.ஆர்.பி. 38,000 ரூபாயை அடித்துவிட்டு 24,500 என்று போட்டிருந்தார்கள். அதே மாடல் அடுத்த தெருக் கடையில் எப்போதுமே 23,800 தானாம். 20 வருடமாக ஜவுளி வியாபாரம் செய்கிற நான் எப்படி ஏமாந்தேன்?

பதில்: உங்களுக்கு விலை பேசத் தெரியும். ஆனால் 38,000 கண்ணில் பட்ட பிறகுதானே கணக்கே போட ஆரம்பித்தீர்கள்? முதலில் பார்த்த எண்ணை மனம் பிடித்துக்கொண்டு, மற்றதை அதை வைத்தே அளக்கும். நங்கூர விளைவு என்பார்கள். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வரும். 10 அல்லது 65-இல் மட்டுமே நிற்கிற மாதிரி ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 வந்த குழுவின் நடு மதிப்பீடு 25, 65 வந்த குழுவுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அனுபவம் இருந்தால் தப்பிக்கலாமா? 1987-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் டூசான் நகரத்து வீட்டுத் தரகர்களை ஒரே வீட்டைச் சுற்றிப் பார்த்து மதிப்புப் போடச் சொன்னார்கள். விற்பவர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகக் கொடுத்திருந்தார்கள். கேட்ட விலை கூடக் கூட, தரகர்கள் போட்ட மதிப்பும் கூடியது. ஆனால் அந்த விலையைக் கணக்கில் எடுத்ததாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். ‘எனக்குத் தெரியும்’ என்ற நம்பிக்கை இங்கே கைகொடுக்காது என்பதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும்.

எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற வரம்பு, அவ்வளவுதான். சந்தை விலை அது இல்லை. கடை அட்டையில் இருந்த 38,000, பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

அடுத்த முறை இரண்டு மூன்று கடைகளில் கேட்டு, ‘இதற்கு மேல் தர மாட்டேன்’ என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடையில் மனது சொல்வதை நம்பாமல் தாளை நம்புங்கள். ஆன்லைனிலும் அப்படித்தான். ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது.

அப்புறம், 23,800-க்குள் டெலிவரியும் இன்ஸ்டலேஷனும் அடக்கமா என்று அந்தக் கடையில் கேட்டீர்களா? இல்லையென்றால் 700 ரூபாய் வித்தியாசம் அதிலேயே போயிருக்கும்.