கதவு இறுகினால் சீவுளியைத் தொடாதீர்கள்

வீடும் பழுதும்: வாசகர் கேள்விகளுக்கு ஆரையம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

*ரீச்சர், எங்கள் வீட்டுக் கதவுகள் மார்கழி தொடங்கியதிலிருந்து மூட மறுக்கின்றன. முன்கதவைத் தோளால் இடித்துத்தான் மூடுகிறோம். வந்து பார்த்த ஓடாவியார், விளிம்பில் இரண்டு நூல் சீவினால் சரியாகிவிடும் என்கிறார். சீவச் சொல்லலாமா?*
– வாசகி, களுவாஞ்சிகுடி

வேண்டாம், மகள். ஓடாவியாரைப் பங்குனி கழிந்து வரச் சொல்லுங்கள். அதற்குள் அவர் வேறு வேலை பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். போகட்டும்.

இது நான் பட்டு அறிந்தது. என் அப்பா ஓடாவி. எங்கள் குசினிக் கதவு அவர் முதிரைப் பலகையில் செய்தது. அவர் போய் நான்கு வருடம் கழித்து ஒரு மார்கழியில் அது இறுகிக்கொண்டது. ஓடாவியின் மகளுக்கு ஓடாவி எதற்கு என்று அவருடைய சீவுளியையே எடுத்தேன். மரம் சுருள் சுருளாக வந்து விழுந்தபோது பெருமையாகத்தான் இருந்தது. கதவும் சத்தமில்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. ஆனி பிறந்தது, கச்சான் காற்று கிளம்பியது. மலைநாட்டு மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் அனலாக இறங்குகிற காற்று அது. பத்து நாளில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே என் சுண்டுவிரல் போனது. தாழ்ப்பாள் கொளுவவில்லை. கடைசியில் விளிம்பு நீளத்துக்கு ஒரு வேப்பஞ்சட்டம் வைத்து ஆணி அடித்தேன். தேன் நிற முதிரைக்குப் பக்கத்தில் அந்தச் சட்டம் இன்றைக்கும் ஒட்டுப்போட்ட சட்டை போலத் தெரிகிறது.

மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் அதன் ஆட்டம். ஈரம் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். எங்கள் கரையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதத்துக் கதவைப் பார்த்துச் சீவினால், மீதி ஒன்பது மாதத்துக்குக் கதவு சின்னதாகிவிடும்.

ஆனால் இறுகுகிற கதவெல்லாம் ஈரம் குடித்த கதவு அல்ல. கரும்பலகைக்கு எழுதும் வெண்கட்டியை எடுத்துக் கதவின் விளிம்பு முழுக்கத் தேய்த்துவிட்டு ஒருமுறை அழுத்தி மூடித் திறவுங்கள். நிலையில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை ஒட்டியிருந்தால் ஈரம், பொறுத்திருங்கள். தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் கதவு தொங்கிவிட்டது; மேல் பிணைச்சலின் திருகாணி தளர்ந்திருக்கும். அதை இன்றைக்கே சரிசெய்யலாம். திருகாணியைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் தலை நீக்கிய தீக்குச்சி மூன்று நான்கைப் பசை தொட்டு இறுக்கி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, பசை காய்ந்த பிறகு திருகாணியைத் திரும்ப முடுக்குங்கள். கதவின் அடியில் ஒரு மரத்துண்டு முட்டுக்கொடுத்துவிட்டுக் கழற்றுவது நல்லது. இல்லாவிட்டால் கதவு உங்கள் காலில் இருக்கும்.

கோடையிலும் இறுகுகிறதென்றால் அப்போது சீவுங்கள். அதுவும் வெண்கட்டி ஒட்டிய இடத்தில் மட்டும்.

*2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அதன் பிறகு வளவு முழுக்கக் கிறவல் கொட்டி உயர்த்தினோம். சில வருடங்களாகச் சுவரின் கீழ்ப்பகுதியில் பெயின்ற் செதில் செதிலாக உரிந்து வெள்ளைப் பொடி உதிர்கிறது. மூன்று முறை சுரண்டி, சீமெந்து பூசி, நல்ல பெயின்ற் அடித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் இன்னும் மேலேதான் ஏறுகிறது. முதலில் முழங்கால் உயரம், இப்போது இடுப்பளவு. என்ன பெயின்ற் அடிக்கலாம்?*
– வாசகர், நாவற்குடா

நீங்கள் கேட்டது பெயின்ற். பதில் இருப்பது உங்கள் கடிதத்தின் இரண்டாவது வசனத்தில், கிறவலில்.

வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர் சும்மா போயிருக்க மாட்டார். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சீமெந்துப் படை போட்டு, அதன்மேல் தார் பூசி மணல் தூவியிருப்பார். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுப்பது அந்தக் கறுப்புக் கோடுதான். அது பெரும்பாலும் வீட்டு நில மட்டத்தை ஒட்டியிருக்கும். நீங்கள் வெளியே கிறவலைக் கொட்டிக்கொட்டி அந்தக் கோட்டைப் புதைத்துவிட்டீர்கள். இப்போது ஈரத்துக்குக் கோட்டைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. பக்கத்துக் கிறவலிலிருந்து நேரே சுவருக்குள் போகிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மண் எங்களுடையது. அந்த ஈரம் உப்பையும் கூடவே கொண்டு போகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தங்குகிற உப்பு பெயின்றுக்குப் பின்னால் பளிங்காகப் பெருத்து அதைத் தள்ளி உரிக்கிறது. எங்கள் பழைய வீட்டுச் சுவரில் அந்தப் பொடியை நுனிநாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், கரித்தது. உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சீமெந்து பூசியது ஏன் நிலைமையைக் கெடுத்தது? ஈரம் வெளியேறும் வாசலை அடைத்தீர்கள். அது அடுத்த வாசலைத் தேடி ஒரு முழம் மேலே ஏறியது. நான்காவது தடவையும் பூசினால் யன்னலுக்கு வந்துவிடும்.

ஆகவே மண்வெட்டியை எடுங்கள். சுவரை ஒட்டிச் சுற்றிவர ஓர் அடி அகலத்துக்குக் கிறவலை வெட்டி அகற்றுங்கள். கறுப்புக் கோடு தெரியும். அதற்குக் கீழே இன்னும் அரை அடியாவது மண் தாழ வேண்டும். வெட்டிய இடத்தில் தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். கூரைத் தண்ணீர் அங்கேயே விழுந்து சுவரில் தெறிக்கிறதென்றால் பீலி பூட்டுங்கள். பீலி இல்லாத வீட்டில் பாதி ஈரம் தெறிப்பு ஈரம்தான். பிறகு உள்ளே இடுப்பளவு வரை உள்ள சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே விடுங்கள். வருகிறவர்கள் கேட்பார்கள். சுவர் காய்கிறது என்று சொல்லுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் காய ஒரு முழுக் கோடை வேண்டும். அதுவரை பூக்கிற உப்பைக் காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஆவணியில் சுண்ணாம்புக் கலவையால் பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். பளபளக்காது. ஆனால் சுவர் மூச்சுவிடும்.

மூன்று தடவை பெயின்றுக்குக் கொடுத்த காசைக் கணக்குப் பார்க்க வேண்டாம். நான் கணக்கு ரீச்சர், இருந்தும் சொல்கிறேன்.

*ரீச்சர், இந்த வீடு என் உம்மா எனக்குத் தந்தது. பிள்ளைகளின் வாப்பா சென்ற வருடம் ஓய்வு பெற்றார். பெற்றதும் ஒரு ட்ரில் மெசின் வாங்கினார். ஒரு மணிக்கூடு தொங்கவிட வரவேற்பறைச் சுவரில் ஐந்து ஓட்டை போட்டிருக்கிறார். இப்போது குசினிக்குள் வரப் பார்க்கிறார். எப்படித் தடுப்பது?*
– வாசகி, மருதமுனை

தடுக்காதீர்கள்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்கிறவர். முப்பது வருடம் அந்தக் கூரையின் கீழ் இருந்தும், இது அவளுடைய வீடு, ஓர் ஆணி அடிக்கலாமா கூடாதா என்று சிலருக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருக்கும். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கூச்சம் ட்ரில் மெசினாக வெளியே வருவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் வீடும் அதில் ஒன்று.

ஆனால் உயிரோடு விளையாட முடியாது. சுவிற்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயோ, நேர் கீழேயோ, நேர் பக்கவாட்டிலோ ஓட்டை போடக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள். சுவருக்குள் வயர் அந்தக் கோடுகளில்தான் ஓடும். பெட்டியில் உள்ள ட்ரிப் சுவிற்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அதிலுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். விழாத சுவிற்ச் இருந்தும் இல்லாததுபோல. அதை மாற்றும் வரை மெசின் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

இனி அவர் கைக்கு ஒரு வேலை. சுவரை விட்டுவிட்டு ஒரு முக்காலி செய்யச் சொல்லுங்கள். நான்கு கால் வைத்து முதன்முதலில் செய்கிறவருடைய கதிரை ஆடாமல் இருக்காது. ஆடுகிறதென்று ஒரு காலை அறுப்பார், மற்றது நெட்டையாகிவிடும், அதையும் அறுப்பார், கடைசியில் அது பலகையாகிவிடும். மூன்று கால் ஆடவே ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும், நிலம் எவ்வளவு கோணலாக இருந்தாலும். வட்டப் பலகை ஒன்றில் கவராயத்தால் கால்களுக்கு ஒரு வட்டம் வரைந்து, கவராயத்தை அதே அளவில் வைத்துக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். சரியாக ஆறு புள்ளி விழும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றில் ஓட்டை போட வேண்டியதுதான். ட்ரில் மெசினுக்கும் வேலை கிடைத்தது. கால்களைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து வைத்தால் நீங்கள் குசினியில் உட்கார்ந்து மீன் வெட்டும்போது கவிழாது.

மணிக்கூட்டின் நான்கு வீண் ஓட்டைகளை அடைக்க வேண்டாம். மணிக்கூட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பெரிய படம் ஒன்றை மாட்டுங்கள்.

*எங்கள் வீட்டு அஸ்பெஸ்டோஸ் கூரையில் பாசி கறுத்துக் கிடக்கிறது. மகன் கம்பித் தூரிகையால் சுரண்டித் தருகிறேன் என்கிறான்.*
– வாசகர், திருக்கோவில்

மகனைக் கீழே இறங்கச் சொல்லுங்கள். அந்தச் சீற்றைச் சுரண்டினாலோ, அறுத்தாலோ, துளைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். மூச்சோடு போனது வெளியே வராது. நுரையீரல் நோய் வருவதற்கு இருபது முப்பது வருடமும் ஆகலாம். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. பாசி கூரையைத் தின்றுவிடாது. கறுப்பாகவே இருக்கட்டும். வெடித்து ஒழுகுகிற சீற்றை மாற்ற வேண்டி வந்தால், நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். இன்னொன்று: சீற்றின் நடுவில் கால் வைக்கக் கூடாது. பழைய சீற் ஆளைத் தாங்காது.

*குழாய் சொட்டுகிறது. சின்னச் சொட்டுத்தான். மறுகா பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.*
– வாசகி, அக்கரைப்பற்று

ஒரு மணித்தியாலம் அடியில் கோப்பை வையுங்கள். 200 மில்லிலீற்றர் சேர்ந்தால் நாளுக்கு 4.8 லீற்றர், வருடத்துக்கு 1,752 லீற்றர். தண்ணீர்த் தாங்கி ஒன்றை விட அதிகம். பிழை அனேகமாக உள்ளே இருக்கிற இறப்பர் வாஷரில். பிரதான வால்வை மூடி, குழாயின் தலையைக் கழற்றி, பழைய வாஷரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவைச் சொல்லி வாங்கப் போனவர்கள் இரண்டு தடவை போயிருக்கிறார்கள்.

*சென்ற இதழில் கதவுக்குப் பெயின்ற் அடிப்பதைப் பற்றி எழுதும்போது, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு விளிம்பு என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பலகைக்கு எத்தனை முகம், ரீச்சர்?*
– ஓடாவியார் ஒருவர், காரைதீவு

ஆறு. முப்பத்தொரு வருடம் கனவுரு படிப்பித்தவள் நான்கோடு நிறுத்தியிருக்கிறேன். தலையில் குட்டிக்கொண்டேன்.

ஓடாவியார் சொல்வது சரி. கதவின் உச்சியிலும் அடியிலும்தான் மரத்தின் வெட்டுமுகம் இருக்கிறது. பக்கவாட்டை விட அந்த வழியாக மரம் பல மடங்கு வேகமாக ஈரம் குடிக்கும். கண்ணில் படாத இடம் என்று பெயின்ற்காரரும் விட்டுவிடுவார். களுவாஞ்சிகுடி மகளும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: கோடையில் கதவைக் கழற்றி, உச்சிக்கும் அடிக்கும் இரண்டு தடவை அடித்துவிட்டால் அடுத்த மாரியில் தோளால் இடிக்க வேண்டி வராது.

கடிதம் வந்த அன்று என் குசினிக் கதவைத் திறந்து வைத்து, அதன் அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையோடு நுழைத்து, ரோச் அடித்துப் பார்த்தேன். பச்சை மரம். ஒரு துளி பெயின்ற் இல்லை. மூலையில் ஓடாவிமாரின் தட்டைப் பென்சிலால் 3 என்று எழுதியிருந்தது, கண்ணாடியில் இடம் வலம் மாறி. அப்பா செய்த மூன்றாவது கதவு அது. முன்கதவு, அறைக்கதவு, பிறகு இது. சித்திரையில் கழற்றி அடிக்கலாம் என்றிருக்கிறேன். அந்த மூலைக்கு மட்டும் நிறமில்லாத வார்னிஷ் வாங்க வேண்டும்.