குருவி பார்க்கிற பிள்ளைக்கு என்ன வேலை?

அன்புள்ள அக்கா,

"டொக்டராவாள் என்று கொழுந்து எடுத்து டியூஷனுக்குக் காசு கட்டுகிறேன், அவள் விடிய விடியக் குருவி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்" என்று போன கிழமை கண் கலங்கினீர்களே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையின் கொப்பியைப் பார்த்தேன். ஒக்டோபர் 10, காலை 5.50, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் பின்னால் ஆறுமணிக் குருவியின் முதல் சத்தம். போன வருஷம் 8ஆம் திகதி. மழையா, மூட்டமா என்றும் பக்கத்திலேயே குறித்திருக்கிறாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் குருவி இமயமலை அடிவாரம் வரை பரந்த இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் மலைக்கு வலசை வருகிறது. வலசைப் பறவைகளுக்குப் பகல் நேரம் மாற மாற ஓமோன்கள் மாறும். ஓயாமல் தின்று உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, பல இனங்கள் இரவில்தான் கிளம்பும். இருட்டில் வழி எப்படித் தெரிகிறது? 1960களில் ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, வேறொரு சிறு குருவியைக் கோளரங்கத்துக்குள் வைத்து நட்சத்திரங்களைத் திசை மாற்றிக் காட்டினார். குருவியும் திசை மாறியது! பூமியின் காந்தப்புலத்தையும் பறவைகள் உணர்கின்றன. கண்ணிலுள்ள ஒரு புரதம் அதற்கு உதவுவதாகக் கருதுகிறார்கள், ஆனால் முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. உங்கள் மகளுக்கு அங்கே வேலை இருக்கிறது அக்கா.

சரி, படிப்புக்கு வருவோம். பாடம் எதையும் மாற்ற வேண்டாம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல்தான் மருத்துவத்துக்கும் விலங்கியலுக்கும். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி மருத்துவத்துக்கு எட்டாவிட்டால், அதற்காகவே மூன்றாம் தடவையும் பரீட்சை எழுதச் சொல்லாதீர்கள். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் பல்கலைக்கழகங்களில் விலங்கியல் துறை உண்டு. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், அதனால் ஆங்கிலத்தை இப்போதே பிடிக்கட்டும். அப்புறம் கொஞ்சம் புள்ளிவிபரவியல்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வனசீவராசிகள் திணைக்களத்தில் இடங்கள் குறைவு. ஆனால் நம் தோட்டப் பாடசாலைகள் உயிரியல் ஆசிரியருக்காகக் காத்துக் கிடக்கின்றன. நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் காஷ்மீர் ஈபிடிப்பானைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பறவை தெரிந்த வழிகாட்டி வேண்டும். ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் பட்டத்துக்குப் பிறகும் பல வருஷம் படிக்க வேண்டிவரும், அதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியை மட்டும் பறிக்காதீர்கள். சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்குக் கவலை இரசாயனவியல் புள்ளிதான், அதைப் பேசுவோம்.