கேள்வி – பதில்: கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 52. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் களைப்பில்லாமல் போக முடிகிறது. எங்கள் ஊரைச் சுற்றிலும் லாரி ஓடும் சாலைகள்தான் இருக்கின்றன. ஆறும் மலையும் பார்த்துக்கொண்டே, செங்குத்தான ஏற்றம் இல்லாமல், இரண்டு நாள் நிம்மதியாக ஓட்டக்கூடிய வழி ஏதாவது இருக்கிறதா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான தேனியில், கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆனால் பலரும் செய்யும் தவறை நீங்கள் செய்துவிட வேண்டாம். கம்பத்துக்குப் போவதென்றால் தேனியிலிருந்து குமுளி போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்கள். பேருந்தும் சரக்கு வண்டியும் சுற்றுலாக் கார்களும் விரையும் அந்தச் சாலையில் சைக்கிளுக்கு அமைதி கிடையாது. பள்ளத்தாக்கின் உண்மையான அழகு நெடுஞ்சாலையின் இரு புறமும் மலையடிவாரத்தை ஒட்டி ஓடும் ஊர்ச் சாலைகளில்தான் இருக்கிறது என்பதை அங்கே பல முறை ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்.

போடிநாயக்கனூரில் தொடங்குங்கள். அங்கிருந்து தெற்கே சிலமலை, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் வரை சுமார் 30 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை வலது கைப்பக்கம் கூடவே வரும். சாலை பெரும்பாலும் சமதரைதான். மலையிலிருந்து வரும் ஓடைகளைக் கடக்கும் இடங்களில் மட்டும் சற்று இறங்கி ஏறும். இளையராஜா பிறந்த ஊர் பண்ணைப்புரம் என்பதும், கோம்பை என்ற பெயரிலேயே ஒரு நாட்டு நாயினம் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு ஊர்களிலும் நின்று ஒரு டீ குடிக்கலாம்.

உத்தமபாளையத்தில் ஆற்றைக் கடந்து பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கம் வந்துவிடுங்கள். இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று போகும் அந்த வழிதான் இந்தப் பயணத்தில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. இங்கே சாலையின் இரு பக்கமும் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண்களை நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில் கொடி படர்ந்திருக்கும். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குப் பந்தலின் அடிப்பகுதி நேராகக் கண்ணில் படுவதால், கருநீலக் குலைகள் வரிசை வரிசையாகத் தொங்குவதையும், அவற்றின் கீழே பெண்கள் குனிந்தபடி கத்தரித்துப் பெட்டியில் அடுக்குவதையும் நின்று பார்க்காமல் கடக்க முடியாது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும் இந்தக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

திராட்சை மேட்டில் என்றால், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் நெல். இந்த வயல்களின் கதையைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் வழி இன்னும் பொருளுள்ளதாக இருக்கும். மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடும் பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பிய வேலை 1895-இல் முடிந்தது. அந்தத் தண்ணீர்தான் குமுளி மலையடிவாரத்து ஊரான லோயர் கேம்பில் இறங்கி, முல்லைப் பெரியாறாகப் பள்ளத்தாக்கு முழுவதும் ஓடி, தேனியைத் தாண்டி வைகையில் கலக்கிறது. இதை நம்பிப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரு போகம் நெல் விளைகிறது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று இங்குள்ள மக்கள் அவருக்காகப் பொங்கல் வைப்பதை நேரில் பார்த்தால், தண்ணீரை இவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது புரியும்.

அறுவடைக் காலத்தில் ஓர் எச்சரிக்கை. களம் போதாமல் சாலை ஓரத்திலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஓட்டாதீர்கள், அது அவர்களின் ஆறு மாத உழைப்பு. வைக்கோல் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு முறை நான் அலட்சியமாக வைக்கோல்மேல் ஓட்டிப் போக, தாள்கள் பின்சக்கரத்தின் பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே கயிறு திரித்ததுபோலச் சுற்றிக்கொண்டு, பெடல் அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அறுவாளின் நுனியால் ஒவ்வொரு தாளாக எடுத்துவிட அரை மணி நேரம் ஆயிற்று.

இரவு கம்பத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் சுருளிப்பட்டி வழியாகச் சுருளி அருவிக்குப் போய்க் குளித்துத் திரும்பலாம். போகும் வழி சுமார் 10 கிலோமீட்டர். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய ஏராளமானோர் வருவதால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு உத்தமபாளையம், சின்னமனூர், மார்க்கையன்கோட்டை, குச்சனூர் வழியாகப் போடிக்குத் திரும்பலாம். உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவே மட்டும் சில கிலோமீட்டர் பெரிய சாலையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குச்சனூரில் சனீஸ்வரர் கோயில் இருப்பதால் சனிக்கிழமை, அதிலும் ஆடிச் சனிக்கிழமை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எந்த மாதம் போவது என்பதை வழியைவிடக் கவனமாக முடிவு செய்யுங்கள். ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களின் வழியே புகுந்து பள்ளத்தாக்கில் வேகமாக வீசும். தேனிப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அப்போது கம்பத்தை நோக்கி ஓட்டினால் சமதரையும் மலையேற்றமாகிவிடும். கார்த்திகையிலிருந்து தை முதல் வாரம் வரை சபரிமலை பக்தர்களின் வாகனங்கள் குவிந்து, கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கும் ஒருவழிப் பாதை ஏற்பாடுகூடச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே தை பாதியிலிருந்து மாசி முடியும்வரைதான் உங்களுக்கு ஏற்ற காலம். காலையில் பனி விலகும் நேரத்தில் கோம்பைக்கு மேலே மலைமுகடு தெளிந்து வருவதைப் பார்க்கும் பேறும் அப்போதுதான் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கேரளத்துக்குப் போகும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து மலைக்கு விரையும். மாலையில் அதே வேகத்தில் இறங்கும். அந்த இரண்டு வேளையும் மலைப்பாதைகளிலும் அவற்றுக்குச் செல்லும் சாலைகளிலும் சைக்கிளோடு நிற்காதீர்கள். ஏழரை மணிக்கு மேல் கிளம்பி, நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது நல்லது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குத் தனியாகச் சைக்கிளில் ஏற நினைக்கிறேன். முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: உடல் தாங்கும், தனியாகப் போவதைத்தான் நான் ஏற்கவில்லை. பூக்களின் பெயர் சூட்டிய 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்த மலைப்பாதை தேயிலைத் தோட்டங்களை அடையும் வரை காட்டுக்குள்ளேயே போகிறது. அந்தக் காடு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானையும் காட்டுமாடும் சாலையைக் கடக்கும் இடத்தில், சத்தமே இல்லாமல் வளைவு திரும்பி வரும் சைக்கிள் விலங்குக்கும் ஆபத்து, ஓட்டுபவருக்கும் ஆபத்து. நான்கைந்து பேராகச் சேர்ந்து, அடிவாரத்தில் தென்பழனியில் இருக்கும் வனத்துறைச் சோதனைச் சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்டு, அவர்கள் அனுமதித்தால் மட்டும் ஏறுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு வருவது பலருக்குப் பழக்கம். சக்கர விளிம்பு சூடேறிப் பிரேக் கட்டை பிடிக்காமல் போவதும், டியூப் வெடிப்பதும் அதனால்தான். நேர்சாலையில் பிரேக்கை விட்டுவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றப் பழக்கத்துக்கு உங்களுக்கு நான் முதலில் சொல்வது போடியிலிருந்து முந்தல் வழியாகக் குரங்கணி போகும் சாலை. கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கில் மெல்ல மெல்ல ஏறும் அந்த வழியில் முந்தலைத் தாண்டியதும் போடிமெட்டுப் போக்குவரத்து பிரிந்துவிடும். ஆற்றின் சத்தம் மட்டும் கூட வரும். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை மலை மேலே இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து கம்பிவடத்தில் இங்குள்ள கொட்டகுடி ஊருக்குத்தான் இறங்கியது. குரங்கணிக்கு மேலே மலையேற்றப் பாதைகளுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் மாண்டவர்களை மறக்கக் கூடாது.

கேள்வி: சைக்கிளை ரயிலில் கொண்டுவர முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியும். அகலப் பாதையாக மாற்றிய பின் 2023 ஜூனிலிருந்து போடி வரை ரயில் வருகிறது; சென்னையிலிருந்தும் வண்டி இருக்கிறது. பெட்டிக்குள் வைக்க முடியாது என்பதால், நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, சரக்குப் பெட்டியில் ஏற்றப் பதிவு செய்ய வேண்டும். ஹேண்டில், பெடல், பின்சக்கரத்தின் கியர்ப் பகுதி மூன்றையும் பழைய துணியாலோ சாக்காலோ சுற்றிக் கட்டிக் கொடுங்கள். போடியில் இறக்கியதும் கியர் தாங்கி (பின் கியரைச் சைக்கிள் சட்டத்தோடு பிணைக்கும் துண்டு) வளைந்திருக்கிறதா, பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்த பிறகே நிலையத்தை விட்டுக் கிளம்புங்கள்.