ஜக்கதல்லா எங்கே? – வெலிங்டன்தான்

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் 1857ஆம் ஆண்டுக் காகிதத்தில் 'ஜக்கதல்லா கன்டோன்மென்ட்' என்று இருக்கிறது, வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். ஊர் இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. குன்னூர் பக்கத்து வெலிங்டன்தான் அது. அருகிலுள்ள ஜெகதளா என்ற படகர் ஊரின் பெயரை வெள்ளைக்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதியது 'ஜக்கதல்லா'. 1850களில் அங்கே பாசறை கட்டினார்கள். 1860 வாக்கில் வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஜெகதளா இன்றும் அருவங்காட்டை ஒட்டி இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாசறை ஐரோப்பியச் சிப்பாய்களுக்காகக் கட்டியது. மதராஸ் ரெஜிமெண்டின் மையம் அங்கே வந்தது 1947இல்தான். அதனால் 'கொள்ளுத்தாத்தா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தார்' என்று வீட்டில் சொல்வதை அப்படியே நம்பி அங்கே எழுதிக் கேட்டால் பதில் கிடைப்பது சந்தேகம். அவர் சமையல், சலவை, கட்டட வேலை, இல்லை சாமான் சப்ளை என்று போயிருக்கலாம். பட்டாளத்தைச் சுற்றி அப்படிப் பிழைத்தவர்கள் ஏராளம். காகிதத்தில் பெயருக்குப் பக்கத்தில் என்ன வேலை எழுதியிருக்கிறது? அந்த வரியை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.